காரில் மஞ்சள் விளக்கு எரிந்தால்...

ஜனவரி மாதத்துப் பனி மூட்டம். ராமகிருஷ்ணபுரம் குவார்ட்டர்ஸ் வாசலில் நிற்கும் காரின் கண்ணாடியைத் துணியால் துடைத்துவிட்டு, காரோட்டி சாவியைத் திருப்புகிறார். இன்ஜின் இரண்டு முறை இருமிவிட்டுக் கிளம்புகிறது. எதிரே, டயல்களுக்கு நடுவில், இன்ஜின் உருவம் வரைந்த சின்னஞ்சிறு மஞ்சள் விளக்கு ஒன்று எரிகிறது. தினமும் இன்ஜின் ஓடத் தொடங்கியதும் அணைந்துவிடும் விளக்கு இன்று அணையவில்லை. வீட்டு ஐயா ஒன்பதரை மணிக்கு மத்திய செயலகத்தில் இருக்க வேண்டும்.

இது ஒரு கற்பனைக் காட்சிதான். ஆனால் தில்லியில் கார் ஓட்டிப் பிழைக்கும் எந்தத் தமிழருக்கும் இது புதிதல்ல. விளக்கைப் பற்றி ஐயாவிடம் சொன்னால், "நேற்று வரை நன்றாகத்தானே இருந்தது? என்னப்பா செய்தாய்?" என்று கேட்பார். சொல்லாமல் ஓட்டினால், நாளை இன்ஜின் படுத்துவிட்டால், பழி முழுவதும் தன் தலையில்தான் விழும். மாதச் சம்பளத்தை எதிர்பார்த்து ஊரில் ஒரு குடும்பம் காத்திருக்கிறது. ஒரு சிறு விளக்கு ஒரு மனிதரை இப்படித் தவிக்க வைக்கிறது.

காரோட்டிகளுக்கு மட்டும் உள்ள தொல்லையும் அல்ல இது. அலுவலகக் கடன் பெற்றுப் பழைய கார் வாங்கும் குமாஸ்தாவுக்கும், தவணை கட்டி டாக்ஸி ஓட்டுபவருக்கும் இதே கதைதான். அந்த விளக்கு என்ன சொல்கிறது, எப்போது பயப்பட வேண்டும், எப்போது பயப்பட வேண்டியதில்லை என்பதைத் தெரிந்துகொண்டால் பணமும் மிஞ்சும், மானமும் மிஞ்சும்.

சிவப்பு வேறு, மஞ்சள் வேறு

முதலில் நிறத்தைப் பார்க்க வேண்டும். கார் விளக்குகளில் சிவப்பு என்றால் "நில்". மஞ்சள் என்றால் "கவனி".

எண்ணெய்ச் செம்பு போன்ற உருவம் சிவப்பாக எரிந்தால் இன்ஜினில் ஆயில் அழுத்தம் இல்லை என்று பொருள். வெப்பமானி உருவம் சிவப்பாக எரிந்தால் இன்ஜின் அளவுக்கு மீறிச் சூடேறிவிட்டது. இந்த இரண்டில் எது எரிந்தாலும் "பக்கத்துப் பெட்ரோல் பங்க் வரை போய்விடலாம்" என்ற பேச்சே கூடாது. பத்திரமான ஓரம் பார்த்து நிறுத்தி, இன்ஜினை அணைத்துவிட வேண்டும். ஆயில் இல்லாமல் சில நிமிடங்கள் ஓடினாலே உள்ளே இரும்போடு இரும்பு உரசி இன்ஜின் இறுகிப்போகும். சூடாக இருக்கும் ரேடியேட்டர் மூடியைத் திறப்பதும் தவறு. கொதிநீர் முகத்தில் பீறிட்டு அடிக்கும்.

இன்ஜின் உருவம் கொண்ட மஞ்சள் விளக்கு வேறு வகை. அது அசையாமல் எரிந்து, வண்டியும் வழக்கம் போல் ஓடினால், அன்றைய சவாரியை முடித்துக்கொள்ளலாம். நிதானமாக ஓட்டி, ஓரிரு நாட்களுக்குள் மெக்கானிக்கிடம் காட்டினால் போதும். ஆனால் அதே விளக்கு விட்டுவிட்டுக் கண் சிமிட்டினால், வண்டியும் உதறினால், நிலைமை அவசரம். ஏதோ ஒரு சிலிண்டரில் தீப்பொறி சரியாக விழவில்லை. எரியாத பெட்ரோல் அப்படியே வெளியே போய்க்கொண்டிருக்கிறது. அது புகைக் குழாயில் உள்ள மாசு நீக்கும் கருவியில் போய் எரிந்து, அந்தக் கருவியையே உருக்கிவிடும். பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் போன்ற விலையுயர்ந்த உலோகங்கள் பூசிய கருவி அது. ஒரு ஸ்பார்க் பிளக்கின் விலையில் தீர வேண்டிய காரியம், பல ஆயிரம் ரூபாய்ச் செலவாக முடியும்.

விளக்கு வந்த கதை

அம்பாஸிடர் ஓடிய காலத்தில் இப்படியொரு விளக்கு கிடையாது. கார்புரேட்டரும், பிளக்கும், பிளாட்டினம் பாயிண்டும் கண்ணுக்குத் தெரிந்த சாமான்கள். பானெட்டைத் தூக்கிக் காதைக் கொடுத்துக் கேட்டே கோளாறைச் சொல்லிவிடும் உஸ்தாதுகள் கரோல்பாகிலும் காஷ்மீரி கேட்டிலும் இருந்தார்கள். 1983 டிசம்பர் 14 அன்று பிரதமர் இந்திரா காந்தி முதல் மாருதி 800 காரின் சாவியைத் தில்லிவாசி ஹர்பால் சிங்கிடம் கொடுத்தார். அந்தக் காரும் அன்று கார்புரேட்டர் வண்டிதான்.

மஞ்சள் விளக்கு பிறந்தது புகையிலிருந்து. அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சலஸ் நகரின் கண்ணெரிச்சல் மூட்டத்துக்கு மோட்டார் புகை பெரும் காரணம் என்பதை 1950களின் தொடக்கத்தில் ஹாகன்-ஸ்மிட் என்ற வேதியியல் அறிஞர் எடுத்துக்காட்டினார். புகையைக் குறைக்கும் கருவிகளைக் காரில் வைத்தால் மட்டும் போதாது, அவை வேலை செய்கின்றனவா என்று காரே தன்னைச் சோதித்துச் சொல்ல வேண்டும் என்று பிற்காலத்தில் கலிபோர்னியா மாநிலம் விதி செய்தது. 1996 முதல் அமெரிக்காவில் விற்கும் எல்லாப் புதுக் கார்களுக்கும் ஒரே மாதிரியான சோதனை முறை கட்டாயமாயிற்று. ஐரோப்பாவில் 2000க்குப் பிறகு அது வந்தது.

இந்தியாவில் இந்த மாற்றத்துக்குத் தில்லியே முன்னே நின்றது. எம்.சி. மேத்தா 1985இல் தொடுத்த வழக்கு உச்ச நீதிமன்றத்தில் ஆண்டுக்கணக்கில் நடந்தது. 1995 ஏப்ரல் முதல் தில்லி, பம்பாய், கல்கத்தா, சென்னை ஆகிய நான்கு பெருநகரங்களில் புதுக் கார்களுக்கு மாசு நீக்கும் கருவி கட்டாயமானது. அதற்காக ஈயம் கலக்காத பெட்ரோலும் வந்தது. 1999 ஏப்ரலில் நீதிமன்றம் இன்னும் கடுமையான உத்தரவு பிறப்பித்தது. அதன்படி 2000 ஏப்ரல் முதல் தலைநகர் வட்டாரத்தில் பதிவாகும் புதுக் கார்கள் ஐரோப்பாவின் இரண்டாம் கட்ட அளவை எட்ட வேண்டியதாயிற்று. கார்புரேட்டரால் அது முடியவில்லை. பெட்ரோலை அளந்து தெளிக்கும் இஞ்ஜெக்டரும், அதை ஆட்டிவைக்கும் கம்ப்யூட்டரும் சாதாரணக் கார்களுக்கும் வந்து சேர்ந்தன.

பிறகு பாரத் ஸ்டேஜ் நான்கு விதிகளோடு 2010 ஏப்ரலில் கார் தன்னைத் தானே சோதிக்கும் முறையின் முதல் கட்டமும், 2013 ஏப்ரலில் இரண்டாம் கட்டமும் நம் நாட்டில் கட்டாயமாயின. பாரத் ஸ்டேஜ் ஆறு 2020 ஏப்ரலில் நாடு முழுவதும் வந்தது. அதற்கான எரிபொருள் தில்லியில் இரண்டு ஆண்டு முன்பே, 2018 ஏப்ரலில், விற்பனைக்கு வந்துவிட்டது. ஆக, காரோட்டியை மிரட்டும் அந்த மஞ்சள் விளக்கு உண்மையில் தில்லிக் குழந்தைகளின் நுரையீரலுக்காக வைத்த காவல்.

நோயின் பெயரல்ல, இடத்தின் பெயர்

இன்ஜினைச் சுற்றிலும் பல இடங்களில் சென்சார்கள் இருக்கின்றன. காற்று எவ்வளவு நுழைகிறது, தண்ணீர் எவ்வளவு சூடு, புகையில் பிராணவாயு எவ்வளவு மிச்சம் என்று அவை கம்ப்யூட்டருக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும். சொல்லும் கணக்கு பொருந்தாவிட்டால் கம்ப்யூட்டர் ஓர் எண்ணைக் குறித்துக்கொள்கிறது. பெரும்பாலான கோளாறுகளுக்கு ஒரு முறை தவறியதும் விளக்கு எரிவதில்லை. அடுத்தடுத்த பயணங்களிலும் அதே தவறு தெரிந்தால்தான் எரியும்.

ஸ்டியரிங்குக்குக் கீழே பதினாறு துளைகள் உள்ள ஒரு பிளக் இருக்கும். அதில் ஸ்கேனர் கருவியைச் செருகினால் அந்த எண் தெரியும். பி என்ற ஆங்கில எழுத்தில் தொடங்கும் எண் இன்ஜின், கியர் பகுதியைக் குறிக்கும். பி 0300 என்றால் பல சிலிண்டர்களில் தீ தவறுகிறது. பி 0301 என்றால் முதல் சிலிண்டரில். பி 0171 என்றால் காற்று அதிகம், பெட்ரோல் குறைவு. பி 0420 என்றால் மாசு நீக்கும் கருவி சரியாக வேலை செய்யவில்லை என்ற சந்தேகம்.

"சந்தேகம்" என்பதைக் கவனிக்க வேண்டும். எண் சொல்வது நோயின் பெயரை அல்ல, வலிக்கும் இடத்தை மட்டுமே. வயிற்று வலி என்றவுடன் வயிற்றைக் கிழிக்கும் வைத்தியர் உண்டா? ஆனால் ஆக்ஸிஜன் சென்சார் பற்றிய எண் வந்தவுடன் அந்தச் சென்சாரையே மாற்றிவிடும் மெக்கானிக்குகள் உண்டு. காற்றுக் குழாயில் ஒரு விரிசல் இருந்தாலும், ஒரு கம்பி அறுந்திருந்தாலும் அதே எண் வரக்கூடும். புதுச் சென்சார் போட்டு நான்கு நாள் கழித்து விளக்கு மறுபடி எரியும்.

தில்லிக்கே உரிய காரணங்கள்

தூசியில் முதலில் அடைபடுவது ஏர் பில்டர். குளிர் நாட்களில் பலவீனமான பாட்டரி ஸ்டார்ட் செய்யும்போது மின்சாரம் போதாமல் தடுமாறும். கம்ப்யூட்டரும் கூடவே குழம்பும். ஒரே இடத்தில் நிற்கும் காரில் எலி புகுந்து கம்பியைக் கடித்து வைக்கும். இது சிரிப்பதற்கான விஷயமல்ல; குவார்ட்டர்ஸ் பகுதிகளில் அடிக்கடி நடக்கிறது.

மழைக்காலத்தில் மிண்டோ பாலத்தின் அடியில் தேங்கும் நீரைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. தண்ணீரில் இன்ஜின் நின்றுவிட்டால் மறுபடி சாவியைத் திருப்பவே கூடாது. சிலிண்டருக்குள் நீர் புகுந்திருந்தால், ஸ்டார்ட் செய்யும் முயற்சியிலேயே உள்ளிருக்கும் தண்டு வளைந்துவிடும். வண்டியைத் தள்ளிக் கரையேற்றி மெக்கானிக்கை அழைப்பதே புத்திசாலித்தனம்.

கம்பெனியில் வராமல் பின்னால் பொருத்திய சி.என்.ஜி. கிட் மற்றொரு காரணம். பெட்ரோலுக்கு என்று எழுதிய கணக்கில் காஸ் ஓடும்போது கம்ப்யூட்டருக்குக் கணக்கு ஒத்துவராது. கிட்டைப் பொருத்தியவரிடமே திரும்பப் போய் டியூனிங் செய்யச் சொல்ல வேண்டும்.

புதிய டீசல் கார்களில் புகைக் கரியைப் பிடித்து வைக்கும் வடிகட்டி ஒன்று உண்டு. அந்தக் கரியை அது அவ்வப்போது எரித்துக்கொள்ள, வண்டி கொஞ்ச தூரம் நிற்காமல் ஓட வேண்டும். ரிங் ரோடு நெரிசலில் ஊர்ந்தே பழகிய வண்டிக்கு அந்த வாய்ப்பு இல்லை, விளக்கு எரிகிறது. அந்த வடிகட்டிக்கென உள்ள விளக்கு மட்டும் எரிந்தால், கையேட்டில் சொன்ன வேகத்தில் நெடுஞ்சாலையில் பதினைந்து இருபது நிமிடம் ஓட்டினால் பெரும்பாலும் அணைந்துவிடும்.

பெட்ரோல் டாங்க் மூடியை இறுக்கினால் விளக்கு அணையும் என்று பலரும் சொல்வார்கள். அது அமெரிக்காவிலிருந்து வந்த யோசனை. அங்கே டாங்கிலிருந்து ஆவி கசிகிறதா என்றும் கார் சோதித்துக்கொள்ள வேண்டும் என்பது விதி. நம் நாட்டு விதிகள் ஐரோப்பிய முறையைத் தழுவியவை. மூடியை இறுக்குவதில் நஷ்டமில்லை. அதோடு வேலை முடிந்தது என்று இருந்துவிடக் கூடாது, அவ்வளவுதான்.

ஒர்க்ஷாப்பில் பேசும் விதம்

ஊரிலிருந்து புதிதாக வந்தவருக்கு இன்ஜின் கோளாறைவிட இந்திதான் பெரிய கோளாறு. மூன்று வாக்கியங்களை மனப்பாடம் செய்துகொண்டால் போதும். "உஸ்தாத், ஸ்கேன் கர்கே கோட் லிக் தீஜியே." கோளாறு எண்ணை எழுதித் தாருங்கள் என்பது இதன் பொருள். "புரானா புர்ஜா வாபஸ் தீஜியே." கழற்றிய பழைய சாமானைத் திருப்பித் தாருங்கள் என்பது இரண்டாவது. "பக்கா பில் தீஜியே." இது மூன்றாவது, விளக்கம் வேண்டாம்.

எண்ணை எழுதி வாங்கிக்கொண்டால் இன்னொரு மெக்கானிக்கிடமும் கேட்டுப் பார்க்கலாம். பழைய சாமானைக் கேட்டால், மாற்றாமலே மாற்றியதாகச் சொல்லும் வழி அடைபடும். விலையுயர்ந்த உலோகம் உள்ள கருவி கை மாறிப் போவதும் நிற்கும். செல்போனோடு இணையும் சிறு ஸ்கேனர்கள் இன்று சில நூறு ரூபாயிலிருந்தே கிடைக்கின்றன. நான்கைந்து காரோட்டிகள் சேர்ந்து ஒன்று வாங்கி வைத்துக்கொண்டாலும் நல்லதே.

விளக்கை மட்டும் அணைத்துத் தருகிறேன் என்பவரிடம் எச்சரிக்கை தேவை. ஸ்கேனரில் ஒரு பொத்தானை அழுத்தினால் எண் அழிந்து விளக்கு அணைந்துவிடும். கோளாறு அப்படியே இருக்கும். காய்ச்சல்காரரின் கையிலிருந்து தர்மாமீட்டரைப் பிடுங்கி எறிவது போன்ற வைத்தியம் இது. கோளாறு உண்மையிலேயே தீர்ந்திருந்தால், தொடர்ந்து மூன்று பயணங்கள் பிழையின்றி ஓடியதும் விளக்கு தானாகவே அணையும்.

பழுது பார்ப்பது, உதிரி சாமான் ஆகியவை பற்றிய தகவல்களுக்காக மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022 டிசம்பரில் "பழுது பார்க்கும் உரிமை" என்ற இணையதளத்தைத் தொடங்கியது. அதில் மோட்டார் வாகனங்களும் அடங்கும். ஏமாந்தவர்கள் முறையிட 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் இருக்கிறது.

காரோட்டியின் சாட்சி

மீண்டும் அந்த ராமகிருஷ்ணபுரம் வாசலுக்கு வருவோம். காரோட்டி சொல்ல வேண்டுமா, வேண்டாமா?

சொல்லத்தான் வேண்டும், அன்றே, அப்போதே சொல்ல வேண்டும். காரணம் வெறும் நேர்மை மட்டுமல்ல. விளக்கு எரியத் தொடங்கிய பிறகு வண்டி எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்பதையும் கம்ப்யூட்டர் கணக்கு வைத்துக்கொள்கிறது. ஸ்கேனரைச் செருகினால் அந்தக் கணக்கு வெளியே வந்துவிடும். "இன்றுதான் எரிந்தது சார்" என்று ஒரு மாதம் கழித்துச் சொல்பவரை அது காட்டிக்கொடுக்கும். அதேபோல், அன்றே சொன்னவரை அது காப்பாற்றவும் செய்யும்.

ஆகவே விளக்கு எரிந்ததும் டயலைச் செல்போனில் ஒரு படம் எடுத்து, தேதியும் கிலோமீட்டரும் குறித்து முதலாளிக்கு அனுப்பிவிடுவது உத்தமம். "சார், இன்று காலை முதல் இன்ஜின் விளக்கு எரிகிறது. வண்டி ஓடுகிறது. ஸ்கேன் செய்ய வேண்டும்" என்ற மூன்று வரி போதும். "அப்புறம் பார்க்கலாம், நீ ஓட்டு" என்று பதில் வந்தால், அதன் பிறகு நேர்வதற்குக் காரோட்டி மட்டுமே பொறுப்பு என்று யாரும் எளிதில் சொல்லிவிட முடியாது. கார் வைத்திருப்பவர்களும் ஒன்றை நினைவில் கொள்ள வேண்டும். சொன்னால் திட்டு கிடைக்கும் என்ற வீட்டில் எந்தக் காரோட்டியும் சொல்ல மாட்டார். அந்தத் திட்டின் விலை கடைசியில் ஒர்க்ஷாப் பில்லில் வந்து சேரும்.

பழைய கார் வாங்குகிறவர்களுக்கு

பழைய கார் பார்க்கப் போகிறவர்கள் பெயிண்ட்டைத் தடவிப் பார்ப்பதற்கு முன்னால், சாவியைத் திருப்பி இன்ஜினைக் கிளப்பாமல் நிறுத்த வேண்டும். அப்போது மஞ்சள் விளக்கு கட்டாயம் எரிய வேண்டும். இன்ஜின் கிளம்பியதும் அணைய வேண்டும். முதலில் எரியவே இல்லையென்றால், விளக்கின் வாயை யாரோ அடைத்திருக்கிறார்கள் என்று சந்தேகப்படலாம். ஸ்கேனர் வைத்துப் பார்க்கும்போது "சோதனைகள் இன்னும் முடியவில்லை" என்று காட்டினால், சமீபத்தில் எண்ணை அழித்திருக்கலாம், அல்லது பாட்டரியைக் கழற்றியிருக்கலாம். அந்த வண்டியை நாலைந்து நாள் ஓடவிட்டு மறுபடி பார்ப்பது நல்லது.

"புகைச் சான்றிதழ் இருக்கிறதே" என்று தரகர் நீட்டுவார். அந்தச் சான்றிதழ் அவசியந்தான். அது இல்லாமல் ஓட்டினால் 2019ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டப்படி பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம் உண்டு. ஆனால் பெட்ரோல் காருக்கு அந்தச் சோதனை, நின்றபடி ஓடும் இன்ஜினின் புகைக் குழாயில் சில வாயுக்களை அளப்பதோடு முடிந்துவிடுகிறது. நைட்ரஜன் ஆக்ஸைடுகளை அது அளப்பதில்லை. சான்றிதழ் கையில் இருக்க, மஞ்சள் விளக்கும் எதிரே எரிந்துகொண்டிருக்கலாம். இரண்டில் எதை நம்புவது என்றால், விளக்கைத்தான்.

நவம்பர் வந்தால் தில்லியின் வானம் எப்படி இருக்கும் என்று இங்கே வாழும் எல்லோருக்கும் தெரியும். பள்ளிகளை மூடுகிறார்கள், பழைய வண்டிகளைத் தெருவில் இறக்கக் கூடாது என்கிறார்கள். வயலில் எரியும் வைக்கோலையும் ஆலைப் புகையையும் தனி ஒருவரால் நிறுத்த முடியாது. எதிரே எரியும் ஒரு சிறு விளக்கைக் கவனிக்க முடியும். பிளக்கை மாற்றிவிட்டு, அது தானாக அணையும் வரை நிதானமாக ஓட்டிவரும் காரோட்டி, தன் வேலையைக் காப்பாற்றிக்கொள்கிறார். பஸ் நிறுத்தத்தில் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு நிற்கும் யாரோ ஒருவருக்கும் கொஞ்சம் நல்ல காற்று கிடைக்கிறது.